தோள் இறுகிய முப்பது மாதம்

நம் மலரில் சர்க்கரை நோயைப் பற்றிப் பல கட்டுரைகள் வந்துவிட்டன. கண்ணுக்கு என்ன ஆகும், காலை எப்படிப் பார்த்துக்கொள்வது, சிறுநீரகத்தை எப்படிக் காப்பது என்றெல்லாம் விவரம் தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். தோளைப் பற்றி மட்டும் யாரும் எழுதவில்லை. 2021 ஆனி மாதத்தில் ஆரம்பித்து 2023 மார்கழி வரை, முப்பது மாதம், என் வலது தோள் இறுகிக் கிடந்தது. டாக்டர்கள் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்கிறார்கள், உறைந்த தோள். இந்த நோய் வந்தவர்களுக்கும், வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கௌதள்ளி. கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் ஹனூரைத் தாண்டி வருகிற ஊர். கொள்ளேகால் தாலுகா 1956 நவம்பர் மாதம் வரை சென்னை ராஜ்யத்துக் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது; பிறகு மைசூர் ஜில்லா; 1997 முதல் சாமராஜநகர். என் மாமனார் ஒரே வீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு ராஜ்யத்தையும் மூன்று ஜில்லாவையும் பார்த்து முடித்தவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம் என்று வாழ்கிறவர்கள் நாங்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் வைத்தியம் ஒரு வார்த்தைக் குழப்பத்தில்தான் ஆரம்பித்தது.

முதலில் பார்த்த டாக்டரிடம் நான் கன்னடத்தில் “தோளு நோவு” என்று சொன்னேன். நமக்குத் தோள் என்றால் தோள்பட்டை. கன்னடத்தில் ‘தோளு’ என்றால் கை, அதிலும் குறிப்பாக மேல்கை. தோள்பட்டைக்கு அவர்கள் ‘புஜ’ என்றோ ‘ஹெகலு’ என்றோ சொல்ல வேண்டும். அவர் மேல்கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, தசைப் பிடிப்பு என்று மாத்திரையும் தடவ மருந்தும் எழுதிக் கொடுத்தார். அவரையும் குறை சொல்வதற்கில்லை. இந்த நோயில் கோளாறு இருப்பது தோள் மூட்டுக்குள்ளே. வலி தெரிவதோ மேல்கையின் வெளிப்பக்கம், தடுப்பூசி போடுகிற இடத்தில். மருமகள் விரலை வைத்துக் காட்டச் சொன்னபோதுகூட நான் அந்த இடத்தைத்தான் காட்டினேன். அது கொரோனா ஊசி போட்ட வருஷம் வேறு. ஊரில் பாதிப் பேர் “ஊசியாலதான்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்கள். நான் ஊசி போட்டுக்கொண்டது இடது கையில், வலி வந்ததோ வலது கையில் என்று சொன்னாலும் யாரும் கேட்பதாக இல்லை.

ஆவணி, புரட்டாசியில் வலி இரவு வலியாக மாறியது. பகலில் ஏதோ ஒரு வேலையில் மறந்திருக்கலாம். படுத்தால் போதும், யாரோ உள்ளேயிருந்து திருகுகிற மாதிரி இருக்கும். வலப்பக்கம் திரும்பவே முடியாது. தூக்கத்தில் கை சட்டென்று அசைந்துவிட்டால் கண்ணில் தண்ணீர் வந்து, அது அடங்க ஐந்து நிமிஷம் ஆகும். உறவில் ஒரு பெரியம்மா இரட்டைப் பிள்ளை பெற்றவர். அவர் கை பட்டால் சுளுக்கு போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. உங்கள் ஊரிலும் இருக்கும். அவர் அன்போடுதான் வந்தார். விளக்கெண்ணெய் தடவி, “கொஞ்சம் பொறுத்துக்கோ கண்ணு” என்று சொல்லிக் கையைத் தலைக்கு மேலே ஒரே வெட்டாக இழுத்தார். அன்றைக்கு இரவு முழுக்க நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தேன். அடுத்த பத்து நாள் கையைத் தொடவிடவில்லை.

ஐப்பசி வந்தபோது வலியோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கை மேலே போகவில்லை. தலை பின்ன முடியவில்லை. ரவிக்கையில் கையை நுழைக்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் கை போவதே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பு உண்டு. மல்பெரி இலையைக் கீழ்த்தட்டுகளுக்குப் போட்டுவிடுவேன், மேல்தட்டு எட்டாது. பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தால் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது. உட்கார இடம் கேட்டால், பார்ப்பதற்குக் கல்லு மாதிரி இருக்கிறீர்களே என்று நம்மைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள். வெளியே ஒரு வீக்கம் இல்லை, கட்டு இல்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரிவதில்லை. அதனால் வீட்டிலேயே சில பேருக்கு, வேலைக்குச் சுணங்கிக்கொண்டு சொல்கிற சாக்கோ என்று ஒரு சந்தேகம். இந்த நோயில் வலியைவிட இது வலித்தது.

கார்த்திகை மாதம் மகன் மைசூருக்கு அழைத்துப் போனான். நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே எலும்பு டாக்டர் என்னைக் கையைத் தூக்கச் சொன்னார். தோள் மட்டத்தில் நின்றுவிட்டது. பிறகு என்னைத் தளர்ந்து இருக்கச் சொல்லிவிட்டு அவரே தூக்கிப் பார்த்தார். அப்போதும் அதே இடத்தில் நின்றது. அடுத்து முழங்கையை மடக்கி இடுப்போடு ஒட்டி வைத்து, முன்கையை மட்டும் கதவு திறப்பது போல வெளிப்பக்கம் திருப்பினார். இடது கை தாராளமாகத் திறந்தது. வலது கை அசையவே இல்லை. “இதுதான் அடையாளம்” என்றார். தசைநார் கிழிந்திருந்தால் நாமாகத் தூக்க முடியாது, பிறர் தூக்கிவிட்டால் பெரும்பாலும் போகும். மூட்டு இறுகியிருந்தால் யார் தூக்கினாலும் போகாது. எக்ஸ்ரே எடுப்பது இதைக் கண்டுபிடிக்க அல்ல, மூட்டுத் தேய்மானம், எலும்பு முறிவு மாதிரி வேறு கோளாறு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள என்றும் சொன்னார்.

பிறகு, “சர்க்கரை இருக்கிறதா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “பார்த்துவிடுவோம்” என்று மூன்று மாதச் சராசரிக் கணக்குச் சொல்கிற ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். 8.4 வந்தது. 6.5-க்கு மேல் போனாலே நீரிழிவு. கண்ணில் மங்கல் இல்லை, அதிக தாகம் இல்லை, எடையும் குறையவில்லை. எனக்குச் சர்க்கரை இருப்பதை முதலில் சொன்னது இந்தத் தோள்தான்.

பொது ஜனங்களில் நூறு பேருக்கு இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு இந்த நோய் வரும் என்பது டாக்டர்கள் சொல்கிற கணக்கு. சர்க்கரை உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல். தைராய்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும் அதிகம். வயது பெரும்பாலும் நாற்பதிலிருந்து அறுபதுக்குள். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல். ரத்தத்தில் நெடுநாள் சர்க்கரை மிகுந்திருந்தால் அது மூட்டைச் சுற்றியுள்ள நார்ச்சத்தில் ஒட்டி அதை விறைப்பாக்குகிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். கைவிரல்களிலும் இது நடக்கும். கை கூப்பி வணக்கம் சொல்லும்போது இரண்டு உள்ளங்கைகளும் விரல்களும் இடைவெளி இல்லாமல் படிகின்றனவா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நீரிழிவுக்காரர்களிடம் அப்படிப் படியாமல் போவது உண்டு.

தோளுக்குள் நடப்பதை மைசூரில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த ஃபிசியோதெரபிப் பெண் ஒரு துணியை வைத்து விளக்கினாள். தோள் மூட்டு ஒரு பந்தும் ஆழமில்லாத கிண்ணமும். இரண்டையும் சேர்த்து மூடியிருப்பது பை போன்ற ஒரு சவ்வு. கை உயரும்போது விரிய வேண்டும் என்பதற்காக அந்தப் பையின் அடிப்பாகம், அக்குள் பக்கம், பாவாடைச் சுருக்கம் மாதிரி மடிப்பாக இருக்கிறது. நோய் வந்தால் பை முதலில் அழற்சி கண்டு சிவக்கிறது; பிறகு தடிக்கிறது; மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பை சுருங்கிவிடுகிறது. முதல் தண்ணீரில் நனைத்த காடாத்துணி மாதிரி. கையைத் தூக்க அதில் துணி போதாது. வெட்டி இழுத்தால் என்ன ஆகும் என்பதை அவள் சொல்லாமலே தெரிந்துகொண்டேன்.

புதிய நோயும் அல்ல இது. சித்த வைத்தியத்தில் ‘கும்பவாதம்’ என்றும், ஆயுர்வேதத்தில் ‘அவபாகுகம்’ என்றும் சொல்கிறார்கள். பாரிஸில் டூப்ளே என்கிற அறுவை வைத்தியர் 1872-இல் மூட்டைச் சுற்றிய அழற்சி என்று எழுதினார். ‘உறைந்த தோள்’ என்ற பெயரை 1934-இல் வைத்தவர் பாஸ்டன் நகரத்து டாக்டர் காட்மன். 1945-இல் நெவியாசர் என்பவர் கோளாறு இருப்பது அந்தச் சவ்வுப் பையில்தான் என்று காட்டினார். எனக்குப் பிடித்த பெயர் ஜப்பானியர்கள் வைத்தது. அவர்கள் இதை ‘ஐம்பது வயதுத் தோள்’ என்கிறார்கள். எனக்கு ஐம்பத்திரண்டில் வந்தது.

நோய் மூன்று கட்டமாகப் போகிறது. முதல் கட்டத்தில் வலி மிகும், அசைவு குறையும், சில மாதம். இரண்டாவதில் வலி தணியும், இறுக்கம் அப்படியே நிற்கும்; நாலு மாதத்திலிருந்து ஒரு வருஷம். மூன்றாவதில் மெல்ல இளகும். அதற்கு ஒரு வருஷமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வதுதான் இதில் பாதி வைத்தியம் என்பது என் அபிப்பிராயம். ஏனென்றால் ஊரில் கிடைக்கிற யோசனைகள் இரண்டே இரண்டு. “கையை அசைக்காமல் வைத்துக்கொள்” என்பார்கள். இல்லையென்றால் “பல்லைக் கடித்துக்கொண்டு இழு, வலித்தால்தான் விடும்” என்பார்கள். முதல் யோசனையைக் கேட்டால் இறுக்கம் கூடும். இரண்டாவதை வலி மிகுந்த கட்டத்தில் கேட்டால் அழற்சி கூடும்.

இதைப் பற்றி நெதர்லாந்தில் இரண்டு டாக்டர்கள் 77 பேரை இரண்டு வருஷம் தொடர்ந்து கவனித்து 2004-இல் எழுதியிருக்கிறார்கள். ஒரு பிரிவினருக்கு வலியைத் தாண்டியும் கடுமையாக இழுத்துப் பயிற்சி. இன்னொரு பிரிவினருக்கு விளக்கம் சொல்லி, வலி அனுமதிக்கிற அளவுக்குள் மட்டும் அசைவு. இரண்டு வருஷ முடிவில் மென்மையாக நடந்துகொண்டவர்களில் நூற்றுக்கு 89 பேர் தோள் ஏறக்குறைய சரியாகி வலியின்றி இருந்தார்கள். கடுமையாக இழுத்தவர்களில் 63 பேர்தான். பெரியம்மாவின் ஒரே வெட்டுக்கு இது பதில் என்று என் மகன் சொல்வான். பெரியம்மாவிடம் நாங்கள் இதுவரை சொல்லவில்லை.

எனக்கு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார்கள். ஆரம்ப மாதங்களில் வலியைக் குறைக்க அது நன்றாக உதவுகிறது. மூன்றாம் நாள் இரவு, மாதக்கணக்கில் முதல் தடவையாக, விடியும்வரை தூங்கினேன். சர்க்கரை உள்ளவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: இந்த ஊசிக்குப் பிறகு சில நாள் ரத்தச் சர்க்கரை ஏறும். எனக்கு ஒரு வாரம் தினமும் பார்த்தார்கள். ஊசி போடும் டாக்டரிடம் நம் சர்க்கரைக் கணக்கை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாசியில் சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். “உகே மாதப்பா” என்று கோஷம் வரும்போது தெருவில் நிற்கிறவர்களும் கையைத் தூக்குவோம். 2022-இல் எனக்கு இடது கை மட்டும் உயர்ந்தது. வலி அப்போது பெரும்பாலும் போய்விட்டது. இறுக்கம் மட்டும் பூட்டுப் போட்ட மாதிரி நின்றது. அந்த வருஷம் பங்குனியில் மகள் மேட்டூரிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்தாள்.

தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வருகிற பெண், அம்மாவின் கையை நம்பித்தான் வருகிறாள். பிள்ளை பிறந்தால் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டி, பிள்ளையைக் காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு கை பிள்ளையின் தலையைத் தாங்கும். மறு கை சொம்பை எடுக்கும். சொம்பு என் கண் மட்டத்துக்குக்கூட வரவில்லை. முதல் நாள் முயற்சியிலேயே, ஈரப் பிள்ளை காலில் நழுவியது. மகள் “அம்மா, விடும்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுததை மருமகள்தான் பிறகு சொன்னாள். அழுதது பிள்ளைக்காக இல்லை, எனக்காக.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அக்கா, கன்னடத்துக்காரர், முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து, “நானு இதீனல்ல” என்றார். நான் இருக்கிறேன் அல்லவா என்று அர்த்தம். நாற்பது நாளும் அவர்தான் குளிப்பாட்டினார். பிரசவமான பெண்ணை அவர்கள் பாணந்தி என்பார்கள். என் மகளுக்கும் அவர் பாணந்தி முறைப்படி தண்ணீர் ஊற்றினார். நான் துண்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பிள்ளையை வாங்க இரண்டு கையையும் நீட்டலாம். கீழேயிருந்து வாங்க முடியும், தோளில் சாய்த்துப் போட முடியாது.

அதற்குப் பிறகுதான் பயிற்சியை ஒரு விரதம் மாதிரி பிடித்துக்கொண்டேன். மாதம் ஒரு தடவை மைசூருக்குப் போய்க் கற்றுக்கொண்டு வருவது, மற்ற நாளெல்லாம் வீட்டில். செய்வதற்கு முன்பு பத்து நிமிஷம் சுடுதண்ணீர்ப் பை. முதலாவது, காட்மன் பெயரால் வழங்குகிற ஊசல் பயிற்சி: நல்ல கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, நோவுக் கையைக் கிணற்றில் இறங்கும் வாளிக் கயிறு போலத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாக ஆட்டுவது. கை தானாக ஆட வேண்டும். உடம்புதான் அசைய வேண்டும். வலி மிகுந்த காலத்திலும் இதைச் செய்யலாம் என்றார்கள். அடுத்தது சுவரேறுவது. சுவரைப் பார்த்து நின்று விரல்களாலேயே எறும்பு மாதிரி மேலே ஏறி, தாங்கக்கூடிய இடத்தில் பதினைந்து இருபது எண்ணும்வரை நிறுத்துவது. பேரன் பென்சிலால் அந்த இடத்தில் கோடு போட்டுத் தேதி எழுதுவான். “அப்பத்தா, இன்னைக்கு ஏறலே” என்று அவன் உதடு பிதுக்கிய நாட்கள் நிறைய. கணக்குப் பார்த்தால் மாதம் இரண்டு விரற்கடைதான் வந்திருக்கிறது. சில மாதம் அதுவும் இல்லை.

மூன்றாவதற்கு எங்கள் கிணற்று ராட்டினம் பயன்பட்டது. போர்வெல் வந்தபின் இருபது வருஷமாகச் சும்மா கிடந்தது. மகன் அதைத் தாழ்வாரத்து உத்திரத்தில் கட்டி, கயிற்றின் இரண்டு முனையிலும் கட்டைப் பிடி போட்டுக் கொடுத்தான். நாற்காலியில் உட்கார்ந்து நல்ல கையால் ஒரு பக்கம் இழுத்தால் நோவுக் கை மறுபக்கம் தானாக மேலே போகும். கடைசியாக, குளித்துவிட்டு முதுகு துடைப்பது போலத் துண்டைப் பின்னால் குறுக்காகப் பிடித்து, மேல் கையால் கீழ்க் கையை மெல்ல மேலே இழுப்பது. எனக்கு இதுதான் கடைசி வரை முரண்டு பிடித்தது. எல்லாவற்றுக்கும் அளவு ஒன்றுதான்: செய்யும்போது இழுக்கலாம், செய்து முடித்துச் சற்று நேரத்தில் அடங்கிவிட வேண்டும். இரவு வரை வலி நின்றால் மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும்.

வீட்டில் உதவின இன்னும் சில. உடுத்தும்போது நோவுக் கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். ரவிக்கை எல்லாவற்றையும் முன்பக்கக் கொக்கிக்கு மாற்றித் தைத்துக்கொண்டேன். படுக்கும்போது மல்லாந்து, கைக்குக் கீழே ஒரு தலையணை. நல்ல பக்கம் ஒருக்களித்தால் தலையணையைக் கட்டிக்கொண்டு. உப்பு, புளி, மிளகாய் டப்பாக்கள் எல்லாம் மேல் அலமாரியிலிருந்து இடுப்பு மட்டத்துக்கு இறங்கின. மருமகள்தான் தலை பின்னிவிட்டாள். முதல் மாதம் இரண்டு பேருக்கும் கூச்சம். பிறகு அந்தக் கால் மணி நேரத்தில்தான் நாங்கள் அதிகம் பேசினோம்.

ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்து விடுவிப்பது ஒரு முறை. சின்னத் துளை வழியாகக் கருவி விட்டு இறுகிய சவ்வை அறுத்து விடுவது இன்னொன்று. பிரிட்டனில் 35 ஆஸ்பத்திரிகளில் 503 பேரைக் கொண்டு இந்த இரண்டையும், ஊசியோடு சேர்ந்த முறையான பயிற்சியையும் ஒப்பிட்டு 2020-இல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது மூன்றில் எதுவும் மற்றதைவிடப் பெரிதாக உயர்ந்ததாகத் தெரியவில்லை. ஆபத்துகள் அறுவைப் பக்கம் கூடுதல். பயிற்சியில் ஒன்றுமே அசையாதவர்களுக்கு அந்த வழிகளும் தேவைப்படலாம், அது டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டியது. எனக்கு மாதம் இரண்டு விரற்கடை கிடைத்துக்கொண்டிருந்ததால் பயிற்சியிலேயே நின்றேன்.

2023 சித்திரையில் ஒரு நாள் மேல்தட்டுப் புழுவுக்கு இலை போட்டுவிட்டுக் கீழே வந்த பிறகுதான், போட்டது வலது கை என்று தெரிந்தது. அந்த ஜூன் மாதம் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் கட்டணமில்லாத சக்தி திட்டம் கர்நாடகத்தில் வந்தது. மைசூர்ப் பயணத்துக்கு டிக்கெட் செலவு நின்றதோடு, கூட்ட நெரிசலில் மேல்கம்பியைப் பிடிக்கிற பயிற்சியும் இலவசமாகக் கிடைத்தது. மார்கழியில் கோலம் போட்டுவிட்டு, வாசல் நிலைக்கு மாவிலை கட்டினேன். முதுகுக்குப் பின்னால் கை இன்னும் இடுப்புக்கு மேல் நாலு விரற்கடைதான் போகிறது. இந்த அளவு மிச்சம் பலருக்கும் நின்றுவிடுகிறதாம்.

இடது தோளில் திடீரென்று வலி வந்து, நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அதைத் தோள் நோய் என்று நினைத்து ராட்டினத்துக்குப் போக வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலும், விழுந்து அடிபட்ட பிறகு கை தூக்க முடியாமல் போனாலும் அப்படித்தான். ஒரு தோள் சரியானபின் அதே தோளில் மறுபடி வருவது அபூர்வம். சில வருஷத்துக்குள் மறு தோளில் வருவது சிலருக்கு உண்டு. அதனால் நான் மாதம் ஒரு தடவை இடது முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக் கதவு திறந்து பார்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்கிறேன். கடைசியாக வந்த கணக்கு 6.9.

ராட்டினம் இப்போது எங்கள் தாழ்வாரத்தில் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரருக்குப் போன வருஷம் தோள் பிடித்துக்கொண்டது, அவருக்கும் சர்க்கரை. இரவு வலி அடங்கட்டும் என்று மூன்று மாதம் காத்திருந்து, தை மாதம்தான் அவர்கள் உத்திரத்தில் கட்டிக் கொடுத்தோம். பேரன் பென்சிலோடு அங்கே போய்வருகிறான். அவர்கள் சுவரில் தேதியைக் கன்னடத்தில் எழுதுகிறான்.